63 சதவீதத்தில் நின்றுபோகும் ரெண்டர்: ராம் வாங்குவதா, வேண்டாமா?

6 மார்ச் 2025, மாலை
கோபியிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி:

"அண்ணா, எங்கள் ஊர் வள்ளி கும்மி அரங்கேற்றத்துக்கு எல்இடி திரையில் ஓட்ட 4 நிமிட வீடியோ ஒன்றை ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளில் செய்திருக்கிறேன். மூன்று நாளாக எக்ஸ்போர்ட் ஆக மாட்டேன் என்கிறது. 63 சதவீதம் வரை ஓடுகிறது. அப்புறம் 'அவுட்புட் மாட்யூல் ஃபெயில்டு, ஃபைல் கெட்டிருக்கலாம்' என்று நீளமான ஒரு மைனஸ் எண்ணைக் காட்டி நின்றுவிடுகிறது. 16 ஜிபி ராம் இருக்கிறது. கடைக்காரர் 32 போட்டால்தான் ஓடும் என்கிறார். வாங்கிவிடலாமா? 16ஆம் தேதி ஞாயிறு அரங்கேற்றம்."

6 மார்ச், இரவு 10.20
இப்போதைக்கு வாங்க வேண்டாம் தம்பி.

எக்ஸ்போர்ட் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே நடப்பது இரண்டு வேலை. ஒவ்வொரு ஃபிரேமையும், அதாவது வீடியோவின் ஒவ்வொரு தனிப் படத்தையும், வரைவது முதல் வேலை. அதுதான் ரெண்டர். வரைந்ததைச் சுருக்கி ஒரே ஃபைலாகக் கட்டுவது இரண்டாவது. தறியில் நெய்வது வேறு, நெய்த துணியை மடித்து பேல் கட்டுவது வேறு, அதைப் போல. உங்களுக்கு வந்த செய்தி பேல் கட்டுகிற இடத்திலிருந்து வருகிறது. துணி வந்து சேரவில்லை என்றாலும் அங்கிருந்துதான் சத்தம் வரும். அந்த மைனஸ் எண்ணை இணையத்தில் தேடினால் நூறு பேர் நூறு காரணம் சொல்வார்கள், ஒவ்வொருவருக்கும் அவரவர் காரணம் உண்மைதான்.

எனவே முதலில் இரண்டையும் பிரியுங்கள். ரெண்டர் க்யூவில், வீடியோவைச் சுருக்கும் எச்.264 முறைக்குப் பதிலாக, ஒவ்வொரு ஃபிரேமையும் தனிப் படமாகச் சேமிக்கும் பிஎன்ஜி சீக்வென்ஸைத் தேர்வு செய்து, தனி ஃபோல்டரில் ஓடவிடுங்கள். 4 நிமிடம், நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 6,000 படம். எந்த எண்ணோடு நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, அந்தப் படங்களை அழித்துவிட்டு இன்னொரு முறை முதலிலிருந்து ஓட்டுங்கள். இரண்டு முறையும் ஒரே எண்ணில் நின்றால் குறை அந்த ஃபிரேமுக்குள் இருக்கிறது. எண் மாறி மாறி நின்றால் மெஷினைப் பார்க்க வேண்டும்.

இன்றிரவே போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

7 மார்ச், காலை 7.05
இரண்டு முறையும் 3779ஆம் படத்தோடு நின்றதாம். நல்ல செய்தி. இடம் தெரிந்துவிட்டது. 2 நிமிடம் 31ஆவது நொடி. அந்த நொடியில் எந்த லேயர் (படமோ எழுத்தோ இருக்கும் அடுக்கு) புதிதாக உள்ளே வருகிறது என்று பாருங்கள்.

7 மார்ச், மதியம்
அந்த இடத்தில் விழாவுக்கு உதவிய ஒருவரின் படம் வருகிறது என்று தம்பி எழுதியிருக்கிறார். ஃப்ளெக்ஸ் கடையில் பேனருக்குச் செய்த அதே போட்டோஷாப் ஃபைலை வாங்கி அப்படியே இழுத்துப் போட்டிருக்கிறார். திரையில் அது உள்ளங்கை அளவுதான் தெரியும். ஆனால் ஃபைல் 20 அடிக்கு 10 அடி, அங்குலத்துக்கு 100 புள்ளி.

கணக்குப் போடுங்கள். 20 அடி என்றால் 240 அங்குலம், அதாவது 24,000 பிக்சல் அகலம். உயரம் 12,000. பெருக்கினால் 28 கோடியே 80 லட்சம் பிக்சல். ஒரு பிக்சலுக்கு 4 பைட். ஒரு படத்தை விரித்து வைக்கவே ஏறத்தாழ 1.15 ஜிபி ராம். சாதாரண 1920க்கு 1080 படம் ஒன்றுக்கு 8 எம்பிதான் ஆகும். ஃபைல் டிஸ்க்கில் சுருங்கிய நிலையில் 60 எம்பி இருக்கலாம், அதை நம்பக்கூடாது. ராமில் அது விரிந்துதான் உட்காரும். ஸ்கேலை 10 சதவீதம் என்று குறைத்து வைத்தாலும் முழுப் படத்தையும் திறந்துதான் சுருக்கும்.

போட்டோஷாப்பில் திறந்து, 2,500 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, வேறு பெயரில் சேமித்து, அதை மாற்றி வையுங்கள்.

7 மார்ச், இரவு
மதியம் எழுதியதில் ஒரு திருத்தம். 1.15 ஜிபி என்று சொன்னது 8 பிட் கணக்கு. நிறத்தை எத்தனை நுணுக்கமாக எழுதுவது என்பதன் அளவு அது, பிட் கூடினால் ராமும் கூடும். தம்பியின் பிராஜக்ட் 32 பிட்டில் இருக்கிறதாம். யாரோ தரம் கூடும் என்று சொல்லி மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியென்றால் அந்த ஒரு படத்துக்கு 4.6 ஜிபி. அதன் மேல் ஒரு மங்கல், ஒரு நிழல் போட்டிருந்தால் ஒவ்வொரு எஃபெக்டும் தனக்கென்று ஒரு நகல் கேட்கும்.

மல்டி ஃபிரேம் ரெண்டரிங்கும் ஓடிக்கொண்டிருக்கும். 2021 அக்டோபரில் வந்த 22ஆம் பதிப்பில் இருந்து இருக்கிற வசதி அது. ஒரே நேரத்தில் பல ஃபிரேம்களை வரையும், வேகம் கூடும். ஆனால் ஒவ்வொரு ஃபிரேமும் தன் பங்கு ராமைத் தனியாகக் கேட்கும். சந்தேகம் தீரும் வரை அதை அணைத்துவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

8 மார்ச்
படத்தைச் சிறியதாக்கி, 16 பிட்டுக்கு இறக்கி ஓட்டியதில் 6,000 படமும் வந்துவிட்டன. 16 ஜிபியிலேயே.

கடைக்காரர் சொன்னதும் பொய் இல்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். 32 ஜிபி இருந்திருந்தால் அந்த ஃபிரேம் தாண்டியிருக்கும். அடுத்த வருடம் இரண்டு பேரின் ஃப்ளெக்ஸ் வரும், அப்போது மறுபடியும் நின்றிருக்கும்.

பெருந்துறையிலிருந்து ஒரு அண்ணன் கேட்கிறார்: "என்னிடம் 64 ஜிபி இருக்கிறது. ஃபிரேம் எண் ஒவ்வொரு முறையும் வேறு வேறு. பிளக்-இன் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டேன். பாதி நாள் ஓடுகிறது, பாதி நாள் நிற்கிறது."

அண்ணா, இதற்கு நீளமாகத்தான் பதில் எழுத வேண்டும். நாளை எழுதுகிறேன்.

9 மார்ச், ஞாயிறு
நான் பள்ளிபாளையத்தில் இருந்தபோது நடந்தது. மேல்மாடி அறையில் மெஷின், கீழே வீட்டுக்காரரின் தறிப்பட்டறை. கல்யாண அழைப்பு வீடியோக்கள் அப்போது நிறைய வந்தன. சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் என்றால் ஒரே நாளில் நான்கு டெலிவரி இருக்கும்.

ஒரு மாதம் என் ரெண்டர் நின்று நின்று போனது. ஒரு நாள் 1,200ஆம் ஃபிரேம், மறுநாள் 400, இன்னொரு நாள் முழுதும் ஓடிவிடும். முதலில் துகள் பறக்கவிடும் பிளக்-இன் ஒன்றைச் சந்தேகப்பட்டு எடுத்தேன். அப்புறம் டிஸ்க் கேஷை முழுதாகக் காலி செய்தேன். கிராஃபிக்ஸ் டிரைவரை மூன்று முறை மாற்றினேன். தொடங்கும்போதே கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் அழுத்திப் பிடித்து எல்லா அமைப்பையும் பழைய நிலைக்குக் கொண்டுபோனேன். விண்டோஸையே புதிதாகப் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. ஒரு கல்யாண வீட்டுக்கு அழைப்பு வீடியோ ஒரு நாள் தள்ளிப்போய், பெண்ணின் அப்பா போனில் எதுவுமே பேசாமல் வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

பிறகுதான் நின்ற நேரத்தை ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். ஃபிரேம் எண்ணை எழுதவில்லை, மணியை எழுதினேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அத்தனையும் காலை 11க்கும் மாலை 5க்கும் இடையில். இரவு ஓட்டியது ஒன்றுகூட நிற்கவில்லை. தொடங்கி 35, 40 நிமிடம் கழித்துத்தான் நிற்கிறது. சின்ன வேலை எதுவும் நிற்பதில்லை.

மெஷின் பெட்டியின் (கேபினட்) பக்கத் தகட்டைக் கழற்றினேன். பிராசசர் மேல் இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் ஃபேனுக்கும் நடுவில் பஞ்சு, கம்பளி விரித்த மாதிரி. விரலால் உரித்தால் முழுதாக வந்தது. கீழே தறி ஓட ஓடப் பறக்கிற பஞ்சுத் தூசியை மேலே என் மெஷின் நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது. சித்திரை வெயிலில் வெளியே 40 டிகிரி. உள்ளே காற்று போக வழியே இல்லை. வெப்பம் காட்டும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தபோது 97 காட்டியது. சுத்தம் செய்த பிறகு அதே வேலைக்கு 76.

பெருந்துறை அண்ணனுக்கு: உங்கள் பட்டறையைச் சுற்றி மில்லோ நிட்டிங்கோ இருக்கிறதா? எதற்கும் ஒரு முறை திறந்து பாருங்கள். திருப்பூர், பல்லடம், சோமனூர் பக்கம் இருப்பவர்கள் எல்லோரும் பாருங்கள்.

9 மார்ச், மாலை
விட்டுப்போன ஒன்று. பட்டறையில் காலை ஷிஃப்டுக்குத் தறிகள் மொத்தமாக ஓடத் தொடங்கும்போது வோல்டேஜ் சட்டென்று இறங்கும், மெஷின் ரீஸ்டார்ட் ஆகும். அதற்கும் பஞ்சுக்கும் சம்பந்தமில்லை. யுபிஎஸ் வைத்ததும் அது நின்றது. இரண்டு குறை ஒரே நேரத்தில் இருந்ததால்தான் ஒரு மாதம் குழம்பினேன்.

10 மார்ச்
"மெஷின் சூடும் இல்லை, பஞ்சும் இல்லை, திரை ஒரு நொடி கறுத்துவிட்டு எரர் வருகிறது" என்கிறார் இன்னொருவர். அது கிராஃபிக்ஸ் கார்டு. கார்டு 2 நொடிக்கு மேல் பதில் சொல்லவில்லை என்றால் விண்டோஸ் அதைத் தானே மீட்டமைக்கும். கனமான எஃபெக்ட் ஒன்று அந்த 2 நொடியைத் தாண்டினால் போதும். பிராஜக்ட் செட்டிங்ஸில் மெர்க்குரி சாஃப்ட்வேர் ஒன்லி என்று மாற்றி ஓட்டுங்கள். மெதுவாகப் போகும், ஆனால் முடித்துக்கொடுக்கும். முடிந்தால் கார்டு அல்லது டிரைவர் பக்கம்தான் குறை என்று உறுதியாகிவிடும்.

மீடியா என்கோடர் என்ற தனி மென்பொருள் இல்லாமல் எச்.264 எடுக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறார். முடியும். 2014 பதிப்பில் ரெண்டர் க்யூவிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள், 2022 அக்டோபரில் வந்த 23ஆம் பதிப்பில் திரும்பி வந்தது. மீடியா என்கோடரில் நின்றால் ரெண்டர் க்யூவில் நேராகப் போட்டுப் பாருங்கள்.

11 மார்ச், இரவு
கோபித் தம்பியிடம் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இன்றுதான் கேட்டேன். திரை எத்தனை பேனல்?

அகலத்தில் 10, உயரத்தில் 6. பி3.91 வகை, அதாவது புள்ளிக்குப் புள்ளி 3.91 மில்லிமீட்டர். அந்த வகையில் அரை மீட்டர் பேனல் ஒன்றுக்கு 128க்கு 128 புள்ளி. அப்படியென்றால் 5 மீட்டருக்கு 3 மீட்டர் திரை முழுதும் சேர்ந்து 1280க்கு 768தான். தம்பி செய்தது 3840க்கு 2160. திரையில் இருப்பதைப் போல எட்டு மடங்குக்கும் மேலான பிக்சல்களை இரவெல்லாம் வரைந்திருக்கிறார். ராம் சிக்கலில் பாதி இங்கே இருந்துதான் வந்தது. நான் ஃப்ளெக்ஸ் படத்தைப் பிடித்துக்கொண்டு இதைக் கவனிக்காமல் விட்டேன்.

எல்இடிக்காரரிடம் அடிக் கணக்கைக் கேட்காதீர்கள். பேனல் எண்ணிக்கையும் வகையும் கேளுங்கள். கிடைக்கும் எண் ஒற்றைப்படையாக இருந்தால் ஒன்று கூட்டி இரட்டைப்படையாக்குங்கள். எச்.264 வழக்கமான 4:2:0 முறையில் நிறத்தை இரண்டு இரண்டு பிக்சலாகச் சேர்த்துத்தான் எழுதும். ஒற்றைப்படை வந்தால் சில மென்பொருள்கள் எரர் தரும், சிலவற்றில் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு விழும்.

12 மார்ச்
பவானியிலிருந்து ஒருவர். எக்ஸ்போர்ட் எப்போதும் 4 ஜிபி பக்கம் வந்து நிற்கிறதாம். பென்டிரைவில் நேரடியாக எழுதுகிறீர்களா என்று கேட்டேன், ஆமாம் என்றார். பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 64 ஜிபி காலி இருந்தாலும் முடியாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றுங்கள், அல்லது முதலில் ஹார்ட் டிஸ்க்கில் எழுதிவிட்டுப் பிறகு காப்பி செய்யுங்கள். இரண்டாவதுதான் என் வழக்கம். பென்டிரைவ் வேகத்தில் ரெண்டர் ஓட்டுவது நல்லதல்ல.

12 மார்ச், இன்னொன்று
நாளை எங்கள் பக்கம் பராமரிப்பு மின்தடை, காலை 9 முதல் மாலை 5 வரை. அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். எம்பி4 ஃபைலில் எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பெரும்பாலும் கடைசியில்தான் எழுதும். 95 சதவீதத்தில் கரண்ட் போனால் ஃபைல் 2 ஜிபி இருக்கும், ஆனால் எதிலும் திறக்காது. பிஎன்ஜி சீக்வென்ஸில் போனது கடைசி ஒரு படம்தான். அதை மட்டும் அழித்துவிட்டு, ரெண்டர் செட்டிங்ஸில் ஸ்கிப் எக்ஸிஸ்டிங் ஃபைல்ஸ் என்பதைத் தேர்வு செய்து ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

பிஎன்ஜியில் பாட்டு வராது. ஒலியைத் தனியாக எடுத்து, கட்டும்போது சேர்க்க வேண்டும். 8ஆம் தேதி இதைச் சொல்லாமல் விட்டதால் தம்பி ஒரு மணி நேரம் ஸ்பீக்கரைச் சோதித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

13 மார்ச், இரவு (கரண்ட் வந்த பிறகு)
கரூரிலிருந்து ஓர் அம்மணி கேட்டது எக்ஸ்போர்ட் சிக்கல் இல்லை. ஆனால் எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். டைட்டில் எழுத்து ஒவ்வொன்றாக வரும்படி எக்ஸ்பிரஷன், அதாவது ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்குள் எழுதும் சிறு நிரல், எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் அழகாக வருகிறது. தமிழில் பாதி எழுத்தும் கொம்பும் காலுமாக வந்து போகின்றன.

மென்பொருள் எண்ணுவது நாம் எண்ணுகிற எழுத்தை இல்லை. "கும்மி" நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது க, உகரக் குறி, ம, புள்ளி, ம, இகரக் குறி என்று ஆறு. ஒவ்வொன்றாக வெளியே விட்டால் திரையில் இப்படித்தான் வரும்: க, கு, கும, கும், கும்ம, கும்மி. நடுவில் "கும", "கும்ம" என்று ஒரு கணம் தெரிகிறது. "கொங்கு"வும் அப்படித்தான், மூன்று எழுத்து, ஆறு குறியீடு. கோயில் அழைப்பிதழில் முதலில் வரும் "ஸ்ரீ" ஒன்றே நான்கு.

வழி இரண்டு. எக்ஸ்பிரஷனில் சொல்லை வெட்டும் முன், புள்ளியும் உயிர்க்குறியும் வந்தால் அதை முந்தைய எழுத்தோடு ஒட்டிவிட்டு, அப்படிச் சேர்ந்த துண்டுகளை எண்ணச் சொல்லுங்கள். ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற எழுத்துத் தேடல் முறை ஒரே வரியில் இதைச் செய்யும். அது வேண்டாம் என்றால் டெக்ஸ்ட் அனிமேட்டரில் எழுத்து வாரியாக என்பதைச் சொல் வாரியாக என்று மாற்றுங்கள்.

கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது என்றால் அது வேறு குறை. பிரெஃபரன்சஸில் டைப் பகுதியில் தெற்காசிய எழுத்துகளுக்கான டெக்ஸ்ட் எஞ்சின் என்ற தேர்வு உங்கள் பதிப்பில் இருந்தால், அது தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். மாற்றிய பிறகு அதே வரியைப் புதிய லேயரில் அடித்துப் பாருங்கள்.

யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்துத் தப்பிக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் வரி முழுதும் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். வேறு இடத்தில் ரெண்டர் செய்யக் கொடுப்பதாக இருந்தால், எந்த எழுத்துருவாக இருந்தாலும், கிரியேட் ஷேப்ஸ் ஃப்ரம் டெக்ஸ்ட் கொடுத்து உருவமாக்கிவிட்டுக் கொடுங்கள். பெரியவர்கள் கண் வைத்துப் படிக்கிற இடத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனால்கூட எனக்குப் பொறுக்காது.

15 மார்ச், காலை
நாளை அரங்கேற்றம், தம்பியின் புதுச் சிக்கல்: ஒத்திகையில் போனில் எடுத்த காட்சியில் கைத்தட்டு பாட்டோடு சேரவில்லை. முதல் அடவில் சரியாக இருக்கிறது, மூன்றாவது நிமிடத்தில் தட்டுவது பின்னால் வருகிறது.

போன் ஒரே வேகத்தில் ஃபிரேம் எடுப்பதில்லை. வெளிச்சத்தைப் பொறுத்து 30 என்பது 28 ஆகும், 29 ஆகும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் ஒரே வேகம் என்று நினைத்து அடுக்கும். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட் (ஒரே சீரான வேகம்) தேர்வு செய்து ஒரு முறை மாற்றி, அந்த ஃபைலை உள்ளே வையுங்கள். நூறு பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் தட்டுவதுதான் கும்மி. திரையில் அது கால் நொடி பிசகினாலும் எதிரில் நின்று ஆடுகிறவர்களுக்கே தடுமாறும்.

15 மார்ச், இரவு 11.50
சேர்ந்துவிட்டதாம். வீடியோவை வாட்ஸ்அப்பில் எல்இடிக்காரருக்கு அனுப்பப் போகிறேன் என்றார். சாதாரண வீடியோவாக அனுப்பினால் சுருக்கிவிடும், டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள், 2 ஜிபி வரை போகும் என்றேன். அதோடு பென்டிரைவில் ஒரு நகல், தம்பி சட்டைப் பையில் ஒரு நகல்.

17 மார்ச்
ஓடியது. 2 நிமிடம் 31ஆவது நொடியில் அந்தப் படம் வந்த துண்டை அனுப்பியிருக்கிறார். பெருந்துறை அண்ணனும் திறந்து பார்த்திருக்கிறார். பக்கத்தில் மில் எதுவும் இல்லையாம், ஆனால் ஃபேன் ஒன்று சுற்றவே இல்லை. புது ஃபேன் போட்ட பிறகு இரண்டு நாளாக நிற்கவில்லை என்கிறார். இரண்டு நாள் போதாது அண்ணா, சித்திரை வரட்டும், மதிய வெயிலில் ஓட்டிவிட்டு எழுதுங்கள்.

2 மே
பெருந்துறை அண்ணன் எழுதிவிட்டார். நேற்று மதியம் 2 மணிக்குத் தொடங்கி மூன்று மணி நேரம், ஒரு தடவைகூட நிற்கவில்லை.

அதைப் படித்துவிட்டு என் மெஷினையும் திறந்தேன். தறிப்பட்டறை வீட்டை விட்டு ஈரோட்டுக்கு வந்து எத்தனையோ வருடம் ஆகிறது. ஆனாலும் ஃபேனுக்குப் பின்னால் ஒரு கைப்பிடி பஞ்சு. பக்கத்துத் தெருவில் புதிதாக ஒரு தையல் யூனிட் வந்திருக்கிறது. இனி ப்ளோயரை மாதம் இருமுறை எடுக்க வேண்டும்.